காலையில் முடங்கும் குழந்தை

இரத்தினபுரிக்குத் தெற்கே, சிங்கராச வனத்தின் விளிம்பை ஒட்டிக் கிடக்கிறது கலவான. மழை பெய்யாத கிழமை அங்கே அரிது. ஊரைச் சுற்றித் தேயிலையும் ரப்பரும் மாறி மாறி நிற்கின்றன. நுவரெலியா, அட்டன் பக்கத்துத் தோட்டங்களைப் போலப் படங்களிலும் பாட்டுக்களிலும் இடம் பெற்ற தோட்டங்களல்ல இவை. ஆயினும் விடியற்பொழுது எல்லாத் தோட்டங்களுக்கும் ஒன்றுதான். இருள் விலகுமுன்பே லயத்து அடுப்பில் புகை எழுகிறது. தாய் தேநீர் வைத்து, ரொட்டி தட்டி, பெரிய பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து, சின்னதை அரைத்தூக்கத்திலேயே தோளில் தூக்கிக்கொண்டு இறங்குகிறாள். பிள்ளைக்காம்பராவில் ஆயாவின் கையில் அதை ஒப்படைத்துவிட்டுப் பிரட்டுக்கு விரைகிறாள். இப்போது அந்த இடத்துக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் எழுதியிருந்தாலும், வாயில் வருவது பழைய பெயர்தான்.

இந்தக் காட்சியில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அந்தக் குழந்தை படுக்கையிலிருந்து தன் காலால் இறங்கி நடந்ததா என்பதை யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு நேரமுமில்லை, தேவையும் தோன்றுவதில்லை. இரண்டு மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிச் செல்வது இயல்புதானே!

சிறு குழந்தைகளைப் பற்றும் மூட்டழற்சி நோய் தன்னை வெளிக்காட்டுவது பெரும்பாலும் அந்த விடியற்பொழுதில்தான். இரவு முழுவதும் அசையாதிருந்த மூட்டு காலையில் விறைத்து நிற்கும். துருப்பிடித்த கீலைப் போல அது திறக்க மறுக்கும். அரை மணியோ, ஒரு மணியோ, சிலவேளை அதற்கு மேலுமோ கழிந்தபின் மெல்ல இளகும். பத்து மணிக்கு அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளோடு ஓடி விளையாடும். மாலையில் மலையிலிருந்து இறங்கி வரும் தாய் காண்பது ஓடுகின்ற குழந்தையைத்தான். ஆயா ஒருநாள், “காலையில் இறக்கிவிட்டால் நிற்கமாட்டேன் என்கிறது, ஒரே செல்லம்” என்று சொல்லக்கூடும். செல்லம் என்ற அந்த ஒரு சொல்லில் மூன்று மாதங்கள் மறைந்துபோவது உண்டு.

நோய் இன்னதென்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். உடலுக்குள் புகும் கிருமிகளை எதிர்க்கவென்று ஒரு காவற்படை எல்லோரிடமும் இருக்கிறது. இந்நோயில் அந்தப் படை வழிதவறி, மூட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்குகிறது, நீர் சுரக்கிறது, மூட்டு சூடு கொள்கிறது. பதினாறு வயதுக்குள் தொடங்கி, குறைந்தது ஆறு கிழமைகள் நீடித்து, வேறு காரணம் எதுவும் காணப்படாத மூட்டழற்சிக்கே மருத்துவர் இந்தப் பெயரை இடுகின்றனர். மேலைநாட்டுக் கணக்குகளின்படி ஏறத்தாழ ஆயிரம் சிறுவருள் ஒருவரை இது பற்றுகிறது. இதில் பல வகைகள் உண்டு. சிலருக்கு நாள்தோறும் காய்ச்சலும் உடலில் தடிப்பும் வரும்; சிலருக்குப் பல மூட்டுக்கள் ஒருங்கே வீங்கும். மேலைநாடுகளில் மிகுதியாகக் காணப்படுவதோ ஒன்றிரண்டு மூட்டுக்களில் மட்டும், பெரும்பாலும் முழங்காலில், தொடங்கும் வகை. அது சிறு பெண் குழந்தைகளையே அதிகம் பற்றுகிறது.

லண்டன் மாநகரின் கிரேட் ஓர்மண்ட் தெருச் சிறுவர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜோர்ஜ் பிரெடெரிக் ஸ்டில் என்பவர், 22 குழந்தைகளின் நோயை ஆராய்ந்து 1897ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரியவர்களின் மூட்டுநோயும் குழந்தைகளின் மூட்டுநோயும் ஒன்றல்ல என்று அதில் அவர் எடுத்துக்காட்டினார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1895இல், கொழும்பில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை தொடங்கப்பட்டிருந்தது. குழந்தை என்பது சிறிய அளவில் செய்யப்பட்ட பெரிய மனிதன் அன்று. அதற்குத் தனி வைத்தியம் வேண்டும் என்ற எண்ணம் உலகில் வேரூன்றிவந்த காலம் அது.

பெயர்களால் விளையும் துன்பம் ஒன்றும் இங்கே உண்டு. தமிழில் “வாதம்” என்ற சொல் பல நோய்களைத் தன்னுள் அடக்கியது. கைகால் விழுந்தாலும் வாதம், மூட்டு வீங்கினாலும் வாதம். “பிள்ளைக்கு வாதம்” என்ற செய்தி லயத்தில் பரவினால் முதியவர்கள் உடனே இளம்பிள்ளை வாதத்தை நினைத்து அஞ்சுவார்கள். அவர்கள் கண்ட காலம் அப்படிப்பட்டது. ஆனால் இலங்கையில் இளம்பிள்ளை வாத நோயாளர் இறுதியாகக் காணப்பட்டது 1993ஆம் ஆண்டில். மூட்டழற்சி முற்றிலும் வேறானது. அது தொற்றுவதில்லை; பக்கத்து வீட்டுக் குழந்தை சேர்ந்து விளையாடலாம், ஒரே பாயில் உறங்கலாம். தாய் கர்ப்பகாலத்தில் உண்ட உணவினால் வந்ததுமன்று. கலவானையின் ஈரமும் குளிரும் வலியைக் கூடுதலாக உணரச் செய்யலாம், நோயை உண்டாக்குவதில்லை. மருமகள் பிள்ளையை மழையில் நனையவிட்டாள் என்ற குற்றச்சாட்டை மாமியார் விட்டுவிடலாம்.

இனி, வைத்தியரிடம் போகும் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத்திலிருந்து கலவான நகருக்கு இறங்கி, அங்கிருந்து நிவித்திகல வழியாக இரத்தினபுரிக்குப் பஸ் ஏறி, வரிசையில் காத்திருந்து குழந்தை வைத்தியர் முன் அமரும்போது நண்பகல் நெருங்கிவிடும். அந்த நேரத்தில் மூட்டு இளகியிருக்கும். குழந்தை வைத்தியரின் மேசையைச் சுற்றி ஓடும். காலையில் நோய் இருந்தது. நண்பகலில் சாட்சி மட்டுமே இருக்கிறது. அந்தச் சாட்சி தாய்தான், அல்லது பாட்டி, அல்லது ஆயா. அவர்கள் எதைச் சொல்லுகிறார்களோ அதைக் கொண்டே வைத்தியரின் எண்ணம் ஒரு வழியிற் செல்லும்.

மொழியும் இங்கே குறுக்கே நிற்கிறது. சப்பிரகமுவத் தோட்டங்களில் சிங்களம் பேசத் தெரியாத தமிழர் குறைவு. சந்தைக்கும் கடைக்கும் அது போதும். ஆயினும் நோயின் நுணுக்கம் சந்தைமொழியில் அடங்குவதில்லை. “வலிக்கிறதா?” என்று வைத்தியர் கேட்பார். “இல்லை” என்று தாய் உண்மையைத்தான் சொல்வாள். ஏனெனில் இக்குழந்தைகளிற் பலர் வலி என்று சொல்லி அழுவதேயில்லை. நடப்பதை நிறுத்திவிடுவார்கள், தூக்கச் சொல்வார்கள், படியில் தவழ்ந்து இறங்குவார்கள், ஒரு காலை மடக்கியே வைத்துக்கொள்வார்கள். வலி என்ற ஒரே சொல்லைப் பற்றிக் கேள்வியும் பதிலும் நடந்தால் நோய் இடையில் நழுவிவிடும். தமிழிலுங்கூடச் சிலர் “கால் மரத்துப்போகிறது” என்கிறார்கள். மரத்தல் என்பது உணர்ச்சி அற்றுப்போதல். விறைத்தல் என்பது வளைய மறுத்தல். வைத்தியருக்கு இரண்டும் இரண்டு வெவ்வேறு நோய்கள்.

ஆகவே சொற்களை நம்பியிராமல், கண்டதைக் கண்டபடி சொல்லுவதே நன்று. எழுந்து எத்தனை நேரங்கழித்து நேராக நடந்தாள், எந்தக் கால், எத்தனை கிழமைகளாக, காய்ச்சல் இருந்ததா, நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் அப்படியா என்பவற்றைப் பள்ளிக்கூடம் செல்லும் அண்ணனோ அக்காவோ ஒரு கொப்பித் தாளில் குறித்துத் தரலாம். இக்காலத்தில் தோட்டத்திலும் கைப்பேசி இல்லாத குடும்பம் அரிது. விடியற்காலையில் குழந்தை கட்டிலிலிருந்து இறங்கும் விதத்தை ஒரு நிமிடப் படமாக எடுத்துச் சென்று காட்டினால், எந்த மொழியிலும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வேலைக்கு ஒருநாள் பிந்திப் போனால் சம்பளம் குறையும் என்பது மெய்தான். ஆயினும் அந்த ஒரு விடியலையேனும் தாய் குழந்தையோடு இருந்து பார்ப்பது பின்னர் வரக்கூடிய பல நாட் சம்பள இழப்பைத் தடுக்கும்.

வைத்தியர் இரு முழங்கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். சூட்டை உள்ளங்கையால் அறிவார். முழுவதும் நீட்டவும் மடக்கவும் முடிகிறதா என்று பார்ப்பார். இரத்தப் பரிசோதனையும் நடக்கும். அது முற்றும் சரியாக வந்தும் நோய் இருக்கலாம் என்பது பலருக்கு வியப்பைத் தரும். இந்நோயை உறுதி செய்வதற்கென்று தனியொரு பரிசோதனை கிடையாது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருத்தல், இரத்தப் புற்றுநோய், வாதக் காய்ச்சல் ஆகியவற்றை முதலில் விலக்க வேண்டும். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலியோடு குழந்தை வெளிறி மெலிந்தால், அல்லது கடுங்காய்ச்சலோடு ஒரு மூட்டைத் தொடவே விடாவிட்டால், ஆறு கிழமைகள் எண்ணிக்கொண்டிராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வாதக் காய்ச்சலோ பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொண்டை நோவின் பின் சில கிழமைகளில் வருவது. ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி மறைந்துவிடும். ஆனால் இதயத்தைப் பழுதாக்கும்.

மருந்தைப் பொறுத்தவரை, இன்றைய குழந்தை முன்னைத் தலைமுறைக் குழந்தையைவிடப் பெரும் பேறு பெற்றது. ஒரு காலத்தில் ஆஸ்பிரினும், மாதக்கணக்கான படுக்கையும், மரச்சட்டத்தில் கட்டிவைத்த காலுமே வைத்தியமாக இருந்தன. படுத்திருந்த கால் மெலிந்து வளைந்துபோனது. இப்போது முதலில் வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் மருந்தை உணவுக்குப்பின் கொடுக்கிறார்கள். ஒரே முழங்கால் வீங்கியிருந்தால், குழந்தையை மயக்கித் தூங்கவைத்து மூட்டுக்குள்ளேயே ஊசிமருந்து ஏற்றுவதும் உண்டு. பல குழந்தைகளுக்கு அதனால் மாதக்கணக்கில் குணம் நிலைக்கிறது.

இவை போதாதபோது மெதோட்ரெக்சேட் என்ற மருந்து வருகிறது. இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றையொன்று ஐயத்தோடு பார்த்திருந்த காலத்திலேயே, இரு நாட்டு மருத்துவரும் சேர்ந்து 127 சிறுவர்களிடம் இம்மருந்தைப் பரிசோதித்தனர். முடிவு 1992ஆம் ஆண்டில் வெளிவந்தபோது சோவியத் நாடே இல்லாமற் போயிருந்தது. முடிவு மட்டும் நிலைத்தது. அதன்பின் 2000ஆம் ஆண்டளவில் இன்னும் நுட்பமான ஊசிமருந்துகளும் வந்து சேர்ந்தன. அவை விலை மிக்கவை. எல்லாக் குழந்தைகளுக்கும் வேண்டுபவையுமல்ல.

மெதோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு தடவை மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. நாள்தோறும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் மாத்திரை என்றாலே காலை ஒன்று, மாலை ஒன்று என்று பழகியவர்கள் நாம் எல்லோரும். ஆகவே தாய் வேலைக்குப் போன பின் பாட்டி ஒன்றும், தாய் திரும்பியபின் இன்னொன்றும் கொடுத்துவிடும் அபாயம் கற்பனையன்று. கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். நாளும் ஒன்றாகவே இருக்கட்டும். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்த நாளைக் கோடிட்டு வைக்கலாம். மறுநாள் சில பிள்ளைகளுக்குக் குமட்டும். அதனால் பள்ளி விடுமுறைக்கு முந்திய மாலையைப் பலர் தெரிந்துகொள்கிறார்கள். குமட்டலைக் குறைக்க போலிக் அமிலம் என்ற வேறொரு மாத்திரையையும் வைத்தியர் தருவார். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடாதபடி வெவ்வேறு டப்பாக்களில் வைத்தல் நலம்.

இம்மருந்து பலன் காட்ட ஆறு கிழமைகள் முதல் பன்னிரண்டு கிழமைகள் வரை ஆகலாம். இந்த இடைக்காலத்தில்தான் குடும்பங்கள் தளர்கின்றன. “மருந்து பிடிக்கவில்லை” என்று நிறுத்துவோர் ஒருசாரார், குணங்கண்டதும் “இனி எதற்கு?” என்று நிறுத்துவோர் மறுசாரார். இரண்டிலும் நோய் திரும்பிவரும். இரத்தப் பரிசோதனைக்குக் குறித்த நாளில் போகவேண்டும். ஈரலும் இரத்தமும் மருந்தைத் தாங்குகின்றனவா என்று அறிய அதுவே வழி. தடுப்பூசி போட வரும் மருத்துவ மாதிடம் இம்மருந்தின் பெயரைச் சொல்லவேண்டும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை வைத்தியரின் சொல்லின்றி இடலாகாது. கொப்புளிப்பான் கண்ட பிள்ளையோடு பழகியிருந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும்.

இரத்தினபுரி மாவட்டத்தில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். டெங்கும் எலிக்காய்ச்சலும் அங்கே புதியவையல்ல. மூட்டுக்கெனக் கொடுக்கும் வலிநீக்கி மருந்துகளும் ஆஸ்பிரினும் டெங்கு நோயில் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. இக்குழந்தைக்குப் புதிதாகக் காய்ச்சல் கண்டால் மூட்டுநோய்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல், அன்றே வைத்தியரிடம் காட்டி, உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் கையில் எடுத்துச் சென்று காண்பிக்க வேண்டும்.

மருந்துக்கு வெளியே தாயின் கைக்கு வேலை நிறைய உண்டு. காலையில் எழுந்ததும் வெந்நீரில் நனைத்த துணியை முழங்காலில் ஒற்றினாலும், இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டினாலும் விறைப்பு விரைவில் இளகும். எண்ணெய் தடவி மெல்ல நீவுவதால் தீங்கில்லை. முறுக்கி நிமிர்த்துவதும், பச்சிலை வைத்து மாதக்கணக்கில் இறுகக் கட்டிவைப்பதும் கெடுதல். முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது அன்பினால் எல்லோரும் செய்வது. குழந்தைக்கு அது சுகமாகவும் இருக்கும். ஆனால் மடங்கிய நிலையிலேயே கால் உறைந்துவிட அதுவே வழி செய்கிறது. தலையணையை எடுத்துவிட வேண்டும். குப்புறப் படுத்து விளையாடவும், ஒரு சிறு சைக்கிள் கிடைத்தால் ஓட்டவும் விடலாம். ஓடவேண்டாம் என்று தடுப்பதைவிட ஓடவிடுவதே நல்லது. களைத்தால் குழந்தை தானே உட்காரும்.

வீங்கிய முழங்காலில் இரத்த ஓட்டம் மிகுந்து அந்தக் கால் மற்றதைவிடச் சற்று நீளமாக வளர்ந்துவிடுவதும் உண்டு. நொண்டுதல் நோயினாலா, நீளத்தினாலா என்பதை வைத்தியர் அளந்து பார்ப்பார். இளமையிலேயே நோயை அடக்கிவிட்டால் வளர வளர இது பெரும்பாலும் சமப்படும்.

மூட்டைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. அது கண். மூட்டழற்சியின் இந்த வகையில், சிறு பெண் குழந்தைகளுக்கு, கண்ணின் உள்ளே அழற்சி தோன்றுவதுண்டு. கண் சிவப்பதில்லை, வலிப்பதில்லை, நீர் வடிவதில்லை. குழந்தை ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல அதற்குத் தெரியவும் தெரியாது. பார்வை குறைந்தபின்புதான் வெளிப்படும். அதற்குள் கண்புரையோ கண்ணமுக்க நோயோ வந்திருக்கலாம். கண் வைத்தியர் ஒரு மெல்லிய ஒளிக்கீற்றைச் செலுத்திப் பார்க்கும் கருவியினால் மட்டுமே தொடக்கத்தில் அதைக் காணமுடியும். ஆபத்து மிகுந்த குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பரிசோதனை வேண்டும். மூட்டுக்காக ஒருநாள், இரத்தத்துக்காக ஒருநாள், கண்ணுக்காக ஒருநாள் என்று மூன்று நாட்சம்பளம் போகாதபடி, இயன்றவரை ஒரே நாளில் அமைத்துத் தரும்படி தாதியரிடம் கேட்பதில் வெட்கமில்லை. 2024ஆம் ஆண்டில் தேயிலைத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று விதிக்கப்பட்டது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசந்தான்; போய்வரும் நாள் இலவசமன்று. “கண் நன்றாகத்தானே இருக்கிறது” என்று அந்த ஒரு பயணத்தை விட்டுவிட நினைப்பது இயல்பு. விடக்கூடாத பயணம் அதுவேதான்.

நாலைந்து வயதாகும்போது குழந்தைக்கு வீட்டு நிலைமை புரியத் தொடங்கும். தன் காலினால் அம்மாவின் வேலைநாள் போகிறது, அதனால் அப்பா முகம் சுளிக்கிறார் என்பதை அது அறியும். அப்போது கேட்டால் “ஒன்றுமில்லை” என்று சொல்லும். அம்மா பிரட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காகப் பல்லைக் கடித்து நிற்கும் குழந்தையைச் சமர்த்து என்று பாராட்டுவது கொடுமை. செலவைப் பற்றிய பேச்சைக் குழந்தையின் காதுபடப் பேசாதிருப்பது நல்லது. “கள்ளம் செய்கிறாள்” என்று ஒருநாளும் சொல்லக்கூடாது. காலையில் முடங்கிப் பகலில் ஓடுவது இந்நோயின் இயல்பேயன்றிக் குழந்தையின் தந்திரமன்று. ஆசிரியருக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். காலைக் கூட்டத்தில் நெடுநேரம் நிற்கவோ, தரையில் சப்பணமிட்டு அசையாதிருக்கவோ அந்தப் பிள்ளையால் முடியாது. இடைவேளையில் பந்தடிக்க முடியும். மற்றப் பிள்ளைகள் பொறாமைப்படாதவாறு, அவர்களுக்கும் ஏதேனும் ஒரு பொறுப்பைக் கொடுக்கலாம். நாட்காட்டியில் கோடிடுவது அண்ணனின் வேலையாக இருக்கட்டும்.

2017ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தைத் தாக்கியபோது கலவானப் பகுதியில் பாதைகள் அறுந்தன. அத்தகைய நாட்களில் மருந்து தீர்ந்துவிட்டால் வேறு வழியில்லை. எனவே தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் சில கிழமைகளுக்குப் போதுமான மருந்தை வைத்தியரிடம் கேட்டு வாங்கி, ஈரம் படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாதபடி வைப்பது வழக்கமாகட்டும். வெளியேற வேண்டி வந்தால் பிறப்புச் சான்றிதழோடும் கிளினிக் கொப்பியோடும் அந்தப் பொட்டலமும் ஒரே பையில் இருக்கவேண்டும்.

ஒன்றிரண்டு மூட்டில் மட்டும் நோய் கொண்ட குழந்தைகளிற் பலர் ஆண்டுகள் செல்ல மருந்தே இன்றி நலமாக இருக்கும் நிலையை அடைகிறார்கள். சிலருக்கு நோய் மறுபடி தலைகாட்டும். சிலருக்கு வளர்ந்த பின்னும் மருந்து வேண்டியிருக்கும். யாருக்கு எப்படி என்பதை முதலாண்டில் எந்த வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. நோய் அடங்கிப் பல மாதங்கள் கழிந்தபின் வைத்தியரே மருந்தைக் குறைக்கத் தொடங்குவார். மருந்து முற்றாக நின்ற பின்னரும் கண் பரிசோதனை மட்டும் நிற்பதில்லை. மருந்து நின்ற முதலாண்டிலேயே கண்ணழற்சி புதிதாகத் தோன்றக்கூடும் என்பதால், அந்த ஆண்டின் கிளினிக் நாட்களைத் தவறவிடாமல் கண் வைத்தியரிடம் சென்று வரவேண்டும்.